மேய்ச்சல் மலைக்கு மாத்திரை எப்படி வரும்

நாரின்,
பனி உருகும் மாதம்.

அன்பு மகள் அய்ஜமாலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குதிரைகளும் நலம். சியோலில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். கூட்டத்தில் நான் அடாவடி செய்ததாக உன் தம்பி சொன்னதை நம்பி, மருத்துவர் நசிராவிடம் மன்னிப்புக் கேட்கும்படி போனில் சொன்னாய். கேட்க மாட்டேன். நடந்ததைப் படித்துவிட்டு நீயே சொல்.

ரத்தக் கொதிப்பில் இனி எதையெல்லாம் ஆராய்வது என்று முடிவு செய்யத் தலைநகரிலிருந்து நசிராவும் அவள் ஆட்களும் வந்திருந்தார்கள். நோயாளிகளும் வீட்டாரும் சேர்ந்து பத்துக் கேள்விகளைப் பொறுக்கியெடுக்க வேண்டுமாம். அம்மாவுக்குப் பேச்சு வராததால் அவளுக்காக நான் போனேன். கோடையில் மந்தையோடு மேலே இருப்பவர்களுக்கு மாத்திரை தீர்ந்தால் என்ன வழி என்பதுதான் என் கேள்வி. போன கோடையில் தீர்ந்தபோது, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே அம்மா இருந்தாள், பால் கறந்த இடத்திலேயே வாளியோடு சாய்ந்தாள். பேச்சும் வலது கையும் அன்றோடு போயின. நசிராவோ, "ஐயா, இது ஆராய்ச்சி இல்ல, போக்குவரத்து விஷயம்" என்று சிரித்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை எழுத்து விடாமல் படித்தவன் நான், எதிலும் மலைக்கு வழி எழுதியிருக்கவில்லை. "பதில் உனக்குத் தெரியுமாம்மா? தெரியலேன்னா அது கேள்விதானே" என்றேன். "பத்தும் நிறைஞ்சிடுச்சு ஐயா" என்று முடித்துவிட்டாள்.

பிறகு விருந்து. ஆட்டிறைச்சியும் தேநீரும் முடிந்ததும், இருப்பவர்களில் மூத்தவன் என்று என்னையே ஆசி சொல்லச் சொன்னார்கள். மூத்தவன் கையேந்தி ஆசி சொல்லி முகத்தைத் தடவாமல் நம்மில் யார் விரிப்பை விட்டு எழுவார்கள்? நசிராவும் நம் பெண்தானே. ஆசிக்காகக் கையை விரித்தேன், எல்லாரும் விரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே அவர்களுடைய டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தான். பக்கத்து மந்தைக்காரன் காதிர்குல், "யோவ் எசென்கான், கால் மரத்துப்போச்சுய்யா, சீக்கிரம் சொல்லித் தொலை" என்று கத்தினான். "உன் கால் எழுந்து நடந்தா சரியாயிடும், என் பொண்டாட்டி கை சரியாகலையே" என்றேன். விரித்த கையோடு அவனே, "எங்கண்ணனும் மேலதான் விழுந்தாரு" என்றான். எதிரில் ஒரு பெண், "எங்க மாமியாரும்" என்றாள். நசிரா தன் வெறுங்கைகளைப் பார்த்தபடி, "சரி, எதை எடுத்துட்டு இதை வைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். மணிக்கட்டில் கட்டும் ஏதோ கருவி பற்றிய கேள்வியை எடுக்கச் சொல்லிக் கூட்டமே சத்தம் போட்டது. அதன்பிறகு அவள் வண்டி வழுக்காமல் ஊர் போய்ச் சேரவும் சேர்த்தே ஆசி சொன்னேன். இதில் மன்னிப்புக்கு இடம் எங்கே இருக்கிறது?

என் கேள்விக்குக் கிடைத்தது கடைசி இடம்தான். பதில் வர ஆண்டுகள் ஆகுமாம். ஆகட்டும். இந்தக் கோடையிலும் ஏறுகிறோம், அம்மா தலையாட்டிவிட்டாள். மாத்திரை தீரும் முன்னால் நானே குதிரையில் மலையிறங்கி வாங்கி வருவேன், தம்பி தடுத்தாலும் சரி.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வீட்டோடும் இருக்க அம்மா இடது கையை உயர்த்தி வாழ்த்துகிறாள். இந்த வாரமே போய் ரத்தக் கொதிப்பை அளந்துகொள். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே அப்பா என்று மட்டும் எழுதாதே.

உன் அப்பா,
எசென்கான்