மத்தியான நிறுவை

கொழும்பு
2024.08.11

அன்புத் தங்கச்சி சக்திக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்கிறாள். நீயும் கடிதத்தில்தானே மனம் திறந்து பேசுவாய்.

சீட்டாட்டத்தைத் தொழில் என்று சொல்லாதே என்று திட்டியிருந்தாய். போக்கரில் கெட்டுப்போகிறவன் சீட்டுத் தெரியாதவன் இல்லை, எழுந்திருக்கத் தெரியாதவன். ஒன்பது, பத்து மணி நேரம் உட்கார்ந்தால் புத்தி களைத்துவிடும். தோற்ற ஆட்டத்தின் கோபம் அடுத்த ஆட்டத்தையும் கெடுக்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கையில் அம்மா சொல்வாளே: "சங்கு ஊதுனா கைய எடுத்துரு. செடி நெறைய கொழுந்து நின்னாலும் பாக்காத. கூடைய நிறுக்க நெறுவைக்கு எறங்கு." அதுதான் என் விதி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என் கைக்கடிகாரம் அடிக்கும். வென்றாலும் தோற்றாலும் எழுந்துபோய், மேசைக்குக் கொண்டுபோக விடாததால் வாசல் பெட்டியில் வைத்த போனை எடுத்து அம்மாவோடு பேசுவேன். காலை நிறுவை பன்னிரண்டுக்கு, மத்தியான நிறுவை மூன்றுக்கு, அந்தி நிறுவை ஆறுக்கு. ஏழு மாதமாக ஒன்றும் தவறவில்லை. அம்மாவையே கேள்.

அன்புடன்,
ரஜீவ்

ஹல்துமுல்லை
2024.08.25

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒழுங்காக எழுந்திருப்பதை மெச்சுகிறேன். உட்காராமலே இருந்தால் இன்னும் மெச்சுவேன்.

உன் விதியைப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். "சீட்டு வெளையாடுற எடத்துக்கும் காலையில ஆளெடுக்குற பெரட்டு, நெறுவையெல்லாம் கொண்டு போயிட்டானா எம்மவன்?" நீ கூப்பிடுவதற்கு முன் தினமும் முகம் கழுவிக்கொள்கிறாள். போனில் முகமா தெரியப்போகிறது என்றேன். "எனக்குத் தெரியாதாக்கும், போடி" என்றாள்.

அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். இருதயம் வீங்கியிருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். நல்லாயிருக்கேன் என்பாள், நம்பாதே. தீபாவளிவரை காத்திராமல் வந்துவிடு.

உன் தங்கை,
சக்தி

கொழும்பு
2024.09.24

சக்தி,

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா போன அன்று பன்னிரண்டு மணிக்கு எழுந்து பேசினேன். "ஆஸ்பத்திரியில சும்மாதான் வச்சிருக்காங்க. நீ வேலயப் பாரு" என்றாள். அதன்பிறகு ஓர் ஆட்டத்தில் மோசமாகத் தோற்றேன். மூன்று மணிக்குக் கடிகாரம் அடித்தது. கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன். இன்னும் ஒரே ஆட்டம், விட்டதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மணிக்கும் அமுக்கினேன். எட்டு மணிக்குப் போனை எடுத்தபோது உன் அழைப்புகள் இருபத்திரண்டு இருந்தன.

மறுபடி அந்த மேசைக்குப் போகவில்லை. கடிகாரத்தையும் கழற்றிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்று மணிக்கு அம்மா என்னைத் தேடினாளா? மறைக்காமல் எழுது.

ரஜீவ்

ஹல்துமுல்லை
2024.10.02

அண்ணா,

தேடினாள். மூன்று மணிக்கு முன்பே நர்ஸ் நளீராவிடம் ஈரத்துணி வாங்கி முகம் துடைத்துக்கொண்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தாள்.

"சங்கு ஊதிருச்சாடி?" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. "இன்னும் இல்லம்மா" என்றேன்.

நான்கு மணிக்கு மறுபடி கேட்டாள். "மழையா? சங்குச் சத்தம் கேக்கலியே."

"மழையில்லம்மா. இன்னும் நேரமிருக்கு."

"அப்ப சரி. ஊதுனா எந்திரிச்சிருவான்."

கடிகாரம் அவள் கண்ணில் படாதபடி நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்துகொண்டேன். தாழ்வாரத்துக்குப் போய்ப் போய் உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் அதையே கேட்டாள். நானும் அதையே சொன்னேன். ஐந்தே முக்காலுக்குக் கேட்கவில்லை.

நீ மேசைக்குப் போகவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் இனி எழுதாதே. பதில் எழுத எனக்கு மனம் வராது.

அம்மாவுக்கு நீ தவறவேயில்லை, அண்ணா. அவள் போகும்வரை மூன்று மணி ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது.

லெ. சிவசக்தி