கை கழுவிய பிறகு

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாயாடி நாத்தனார் எழுதுவது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றான் அண்ணன். கூடவே காய்ச்சல் என்றும் இழுத்தான். அவன் பேச்சில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும், நீங்களாவது விவரமாக எழுதுங்கள். நீங்கள் நர்ஸாக இருக்கும் வார்டிலேயே அம்மா இருப்பதால்தான் எனக்கு இங்கே சோறு இறங்குகிறது. போன தடவை விமானத்திலிருந்து இறங்கி ஆசையாக ஓடிவந்தவளை, "மொதல்ல கையக் கழுவுடி" என்று குழாயடிக்குத் துரத்தினீர்களே! உங்களைத் தாண்டி எந்தக் கிருமி அம்மாகிட்ட வரும்? "மருமக கைய நீவிவிட்டா தூக்கம் சொக்குதுடி" என்று ஃபோனில் அம்மா பெருமையடிக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உங்கள் வாயாடி


மார்ச் 9

அன்பு வாயாடிக்கு,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மாவின் இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத ரகம். பக்கத்துக் கட்டில்கள் இரண்டிலும் அதே கதை. தொற்று பரவாமல் பார்ப்பது என் பொறுப்பு, மண்டை கொதிக்கிறது. கட்டில் கம்பி, குழாய், திரைச்சீலை, என் கை உட்பட எல்லோர் கையையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, குச்சிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தரை துடைக்கிற பெண்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரே மாப்பை எல்லா அறைக்கும் இழுக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் கத்தி, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டேன். "மாத்தி மாத்தித்தான்க்கா தொடைக்கிறேன்" என்று அழுதாள். நான் காதிலேயே வாங்கவில்லை. முடிந்தால் உடனே கிளம்பி வா.

உன் அண்ணி


ஏப்ரல் 4

வாயாடி,

அம்மாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது, "உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க அண்ணி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். நீ போன பிறகுதான் ஆய்வக முடிவு வந்தது.

கிருமி என் கையில் இருந்தது. கழுவிய கையில். கழுவியதும் நான் என்ன செய்வேன் என்று யோசித்தபோதே புரிந்துவிட்டது. நாளெல்லாம் கழுவி என் கை வெடித்துப்போகும், உனக்குத் தெரியுமே. பெரிய கேனிலிருந்து க்ரீமைச் சின்னப் புட்டியில் ஊற்றி மேசைமேல் வைத்திருப்பேன். குறையக் குறைய மிச்சத்தின் மேலேயே ஊற்றுவேன். சோப்புப் புட்டி என்றால் காலிசெய்து, கழுவி, காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், இந்தப் புட்டியை ஒருநாளும் கழுவவில்லை. அதைச் சோதிக்கச் சொன்னேன். அதே கிருமி. அம்மாவின் காய்ந்த கையில், சலைன் ஊசி குத்தியிருந்த அந்தக் கையில், அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். பாவம், தோல் வறண்டிருக்கிறதே என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தடவினேன்.

வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்க்க முடியவில்லை. துடைக்கிற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைநிமிராமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்படி ஊற்றி நிரப்பும் புட்டிகளை எல்லா வார்டிலிருந்தும் எடுத்தாயிற்று. "இதோட விடுங்க, வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு கெட்டுடும்" என்கிறார் பெரிய டாக்டர். "தங்கச்சிக்கு மட்டும் எழுதிடாத" என்கிறார் உன் அண்ணன். எழுதிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணி,

கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.  ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த இரண்டு கட்டில்காரர்களின் வீட்டில் சொல்லிவிட்டீர்களா? எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? அதைச் செய்யாமல் எனக்கு எழுதாதீர்கள்.

அம்மாவின் மகள்


ஏப்ரல் 22

வாயாடிக்கு (இப்படிக் கூப்பிடலாமா, தெரியவில்லை),

பெரிய டாக்டரைக் கேட்காமலேயே இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஒருவர் தேறி வீடு திரும்பிவிட்டார். அவர் மனைவி என்னை வாசலிலேயே நிற்கவைத்து முழுவதும் கேட்டாள். "உங்களப் போயி தெய்வம்னு நெனச்சோமே" என்று கதவைச் சாத்தினாள். இன்னொருவர் இன்னும் வார்டில்தான் கிடக்கிறார். "எங்கப்பாவ இனிமே நீங்க தொடக்கூடாது" என்றாள் அவர் மகள். சரிம்மா என்றேன். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான்.

அண்ணி


மே 1

அண்ணி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறேன். அண்ணனை அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். உங்களைப் பார்த்ததும் கத்துவேனா, அழுவேனா, எனக்கே தெரியாது. எதுவானாலும் ஓடிப்போகாமல் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயாடி