இடிக்கவில்லை என்று மூன்று தரம் சொன்னேன்

குன்னூர்,
ஐப்பசி 20, வியாழக்கிழமை.

அன்பு மகள் பிரியாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, சொட்டு மருந்தை மூன்று வேளையும் நானே விடுகிறேன். பத்து நாளாக விடாத மழை, பின்பக்கத்து மேரக்காய்ப் பந்தல் சாய்ந்துவிட்டது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் இரண்டு தரம் சொல்லத் தொடங்கினேன், நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், மாப்பிள்ளை காதில் விழுமே என்று அம்மாவின் கண்ணைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். எழுத்தாக இருந்தால் பாதியில் திரும்ப முடியாது. எனக்கு எழுதித் தருவது ஆன்சி, மெக்கானிக் ஷிஜோவின் மனைவி. அவளைத்தான் எழுதச் சொல்ல வேண்டும் என்று நானாகவே அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணு, நம் கார் ஸ்டார்ட் ஆகாமல் போனதற்குக் காரணம் ஷிஜோ இல்லை, நான். போன மாதம் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை, வெலிங்டன் பஜாரில் மருந்து வாங்கிக்கொண்டு காரில் வந்தேன், பகல் பதினொன்றே கால் மணி. காலனிக்கு மேலே உள்ள வளைவில் எதிரே எஸ்டேட் டிராக்டர் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விட வேண்டும், அதனால் பின்னால் எடுத்தேன். ஒரே மூடுபனி. கார் பீப் பீப் என்று கத்தியது, எனக்கே சொல்லித் தருகிறாயா என்று இன்னும் கொஞ்சம் எடுத்தேன், பின்பக்கம் தடுப்புச் சுவரில் போய் மோதியது. அந்த நிமிடமே எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினால் கிர்ர் கிர்ர் என்று பலமாகச் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. சரிவுதானே என்று நியூட்ரலில் உருட்டியே வாசலுக்குக் கொண்டுவந்து, பம்பரில் அப்பியிருந்த சுண்ணாம்பின் மேல் சேற்றைப் பூசினேன். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரியை முப்பத்தெட்டு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டி, தொண்ணூற்றொன்றில் பிரேக் போன லாரியை மேட்டில் ஏற்றி நிறுத்தியதற்குத் துரை கையால் மாலை வாங்கினவன் நான். சின்ன இடி பட்டாலும் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நீ வேறு சத்தியம் வாங்கியிருந்தாய். இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்தன.

மறுநாள் ஜெகதீசன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஷிஜோ வந்தான். பாட்டரி நல்லாயிருக்கு, இல்லைன்னா இப்படிச் சுத்தாது என்றான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், பொறி வருகிறது. என்னைச் சாவி போடச் சொல்லிப் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டான், டாங்கில் பம்ப் ஓடுகிற சத்தமே இல்லை, பெட்ரோல் எஞ்சினுக்கு வரலை ஐயா என்றான். ஃபியூசும் சரி. அப்புறம்தான் எங்கயாவது இடிச்சீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். லேசாக்கூட தட்டலையா என்றான். இல்லை என்றேன். மூன்றாவது தரம் கேட்டபோது, நீ பொறக்கறதுக்கு முந்தியே ஸ்டியரிங் பிடிச்சவன்டா, என்னையா கேக்கறே என்று காலனியே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு பம்பைக் கழற்றினான். கோயம்புத்தூரிலிருந்து புது பம்ப் வரவழைத்து மாட்டியும் அதே கிர்ர் கிர்ர். அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய். முந்தின வாரம் ஆயில் மாத்தக் கொண்டுபோன ஷிஜோ நல்ல சாமானைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டிட்டான் என்று சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது, மறதி என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. நீ என் பேச்சை நம்பி அந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி இன்டர்நெட்டில் ஷிஜோவின் பெயரைப் போட்டுத் திருடன் என்று எழுதினாய், முதலாளி ஜெகதீசனையும் கூப்பிட்டுத் திட்டினாய். அவர் ஷிஜோவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது.

இதைவிட அசிங்கம் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு முன், ராணுவத்தில் வண்டி வேலை பார்த்து ரிட்டயர் ஆன எதிர்வீட்டு ஆறுமுகசாமி வந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். முன் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் ஓரமாகக் கையை விட்டு ஒரு பொத்தானை அமுக்கினார், முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. இடி பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க வண்டி தானாகவே பெட்ரோலை நிறுத்திவிடுமாம். ஏனுங்க, செவுத்துக்கு ரொம்ப அடிங்களா என்று சிரித்தார். யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் கேத்திக்குப் போனால், கேரட் கழுவுகிற இடத்தில் ஷிஜோ முதுகெல்லாம் நனைந்து மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். ஒளியப் பார்த்தேன். அவனே மூட்டையை இறக்கிவிட்டு வந்து, ஐயா, வண்டி ஸ்டார்ட் ஆச்சா என்று கேட்டான். குத்தலாக இல்லை கண்ணு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கேட்டான். ஆச்சு என்றேன். எந்தா ஐயா கம்ப்ளைன்ட், அதையேதான் நினைச்சிட்டிருக்கேன் என்றான். தெரியலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த இடத்தில் ஆன்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாந்தான் எங்கயோ ஒயரைத் தப்பா மாட்டிட்டேன்னு அவரு தினமும் தன்னையே திட்டிக்கிறாருங்க, இதையும் எழுதட்டுங்களா என்று கேட்டாள். எழுதும்மா என்றேன். எழுதிவிட்டு, அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க என்றாள்.

நீ எழுதியதை அழித்தால் மட்டும் போதாது. படித்தவர்கள் மனதில் அவன் திருடனாகவே இருப்பான். அதே இடத்தில், வண்டியை இடித்தது என் அப்பா அய்யாவு, மறைத்ததும் அவர்தான் என்று என் பெயரைப் போட்டு எழுது. அப்பாவாயிற்றே என்று பூசி மெழுகாதே. நாளைக் காலை ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து நானும் போய்ச் சொல்கிறேன். சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அங்கே வெயில் தொடங்கும் என்றாயே, குழந்தைக்குத் தண்ணீர் நிறையக் கொடு. மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது போன் பேச வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் நல்ல பெயரோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். தபாலில் போட்டால் நாளாகும் என்று ஆன்சி போட்டோ எடுத்து அனுப்புகிறாள், பார்த்ததும் முதல் வேலையாக அதைச் செய். கேத்தி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது, ஷிஜோ படியேறி வருகிறான். மீதியை அவனிடம் வாயால் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா அய்யாவு
(இடது கைப் பெருவிரல் ரேகை)