பன்றிக்கறி ஏறாத கணவாய்

ஓமலோ,
ஆகஸ்ட் 29

சக்காரியா ஐயாவுக்கு,

ஜொகோலா வணக்கம் சொல்கிறேன். முதலில் மாமா என்று எழுதி, அடித்துவிட்டு ஐயா என்று போட்டிருக்கிறேன். நீங்கள் இன்னும் சரி சொல்லவில்லையே. போன் போட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் வேன் ஓட்டும் கேலா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் நூத்ஸாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். அவளுக்கும் ஆசை. திராட்சை அறுவடைக்கு அம்மாவையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்து முறையாகப் பெண் கேட்கிறேன்.

வழியெல்லாம் யோசித்தாகிவிட்டது. மூடுபனி வருவதற்குள் கிளம்புவோம். அபானோ கணவாயின் உச்சியில் ரொட்டியும் சீஸும். அப்புறம் வளைவுகள். பாதி இறக்கத்தில் பாதை மேலேயே ஓர் அருவி விழும். அம்மா அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு நனைந்தே தீருவாள். மதியம் உங்கள் கொடிகளுக்கு நடுவில் இருப்போம். பெண் கேட்கப் போகும்போது ஈரத் தலையோடு போகலாமா என்று இப்போதே வீட்டில் சண்டை நடக்கிறது.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

ஜொகோலா


கிசிஸ்கெவி,
செப்டம்பர் 3

தம்பி ஜொகோலாவுக்கு,

உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நூத்ஸாதான் வாசித்துச் சொன்னாள். நடுநடுவே சில வரிகளைத் தனக்குள்ளேயே வாசித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இஞ்சினியர் படிப்பை இரண்டாவது வருஷத்தில் விட்டுவிட்டாயாம். ஏன் என்று கேட்டால், "அவனால ஒரு எடத்துல உட்கார முடியாதுப்பா" என்கிறாள். இதெல்லாம் ஒரு காரணமா? அது கிடக்கட்டும். என் பயம் அந்தப் பாதை. கல்யாணம் ஆனால் ஒவ்வொரு கோடையிலும் என் பெண் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதில் ஏறி இறங்க வேண்டும். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் நான் கண் மூடியதே கிடையாது, சொந்தத் தம்பி ஓட்டினாலும் சரி. அப்படிப்பட்டவன் என் பெண்ணை உன் வண்டியில் எப்படி ஏற்றுவேன்?

நூத்ஸா பிறந்த வருஷத்து ஒயினைச் சாடியோடு மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு நிச்சயமாகும் நாளில்தான் திறப்போம். உனக்காகத் திறப்பேன் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆனாலும் கடிதம் கொண்டுவந்தவனை வெறுங்கையோடு திருப்பியனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. உன் அம்மாவுக்கு, நானே புகை போட்ட பன்றித் தொடை ஒன்று கேலாவிடம் கொடுத்திருக்கிறேன்.

சக்காரியா


ஓமலோ,
செப்டம்பர் 7

ஐயா,

தொடை வரவில்லை. வரவும் வராது.

கேலா அண்ணன் மலையடிவாரத்தில் உங்கள் சாக்கை மோந்து பார்த்திருக்கிறார். உடனே வண்டியை நிறுத்திவிட்டாராம். "பன்னிக்கறிய வச்சுக்கிட்டு ஒரு வளைவுகூட ஏற மாட்டேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லி, கடைசிக் கடையில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிட்டார். எங்கள் மலைக்குப் பன்றிக்கறி ஏறக்கூடாது ஐயா. ஏறினால் பாதை ஆளை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். நீ நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் என் வண்டியிலும் ஏற்ற மாட்டேன்.

பெரியப்பா முகம் சுண்டிப்போனது. "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லித் தொலைக்கலாமே" என்றார். அம்மாதான் விடவில்லை. "வீட்டுல இருக்கறதுல நல்லதா பாத்து அனுப்பியிருக்காரு அந்த மனுஷன். ஆட்டுத்தோலுக்குள்ள அடைச்சு வைக்கற நம்ம சீஸ் நாத்தத்த ஊரு எவ்வளவு பொறுத்துக்கிட்டிருக்கு, அத யோசிங்க" என்றாள்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உட்கார முடியவில்லை என்பதுதான் நிஜம், வேறு கதை கட்டத் தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மட்டும் உட்கார முடிகிறது. பாதைதான் பயம் என்றால் வந்து பாருங்கள். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஜொகோலா


கிசிஸ்கெவி,
செப்டம்பர் 11

தம்பி ஜொகோலாவுக்கு,

தொடையில் எலும்புதான் மிச்சம். கடைக்காரன் கெட்டுப்போய்விடும் என்று சாப்பிட்டானாம்.

தப்பு என்னுடையது. உங்கள் வழக்கம் எனக்கும் தெரியும். நல்லதாக ஒன்று அனுப்பவேண்டும் என்ற நினைப்பில் அது மறந்தேபோனது. என் வீட்டுக்காரி தியோனா இரண்டு நாளாகச் சிரிக்கிறாள். "பொண்ணக் கேட்டு வந்தவன் மலைக்கே வேட்டு வச்சீங்களே" என்கிறாள். உன் பெரியப்பாவிடம் நேரில் வந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். வெள்ளிக்கிழமை கேலா வண்டியில் ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்னை இறக்கிக் கொண்டுவா. பார்க்கிறேன்.

தியோனா என் பையைச் சோதித்தாள். சாசேஜ் ஒன்று அகப்பட்டது. வழிக்கு என்று வைத்தது, சத்தியமாக ஞாபகமே இல்லை.

சக்காரியா


ஓமலோ,
செப்டம்பர் 20

ஐயா,

நீங்கள் வந்துபோனதிலிருந்து பெரியப்பா உங்கள் பாட்டைத்தான் பாடுகிறார். அவருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நீங்கள் மன்னிப்புக் கேட்டதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. உச்சியில், பாதையில் செத்தவர்களுக்கு நட்ட கல்லுக்கு முன்னால் எல்லா டிரைவரும் ஒரு மடக்குச் சாராயம் குடிப்பார்கள். நான் என் பங்கைத் தரையில் ஊற்றிவிட்டு ஏறினேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். வண்டி இறங்க ஆரம்பித்ததும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். வளைவுக்கு வளைவு நான் ஏதேதோ பேசினேன். அருவியைக் காட்டினேன். பதிலே இல்லை. வாசலில் இறங்கினீர்கள், தொண்டையைச் செருமினீர்கள், தோட்டத்துக்குள் போய்விட்டீர்கள்.

அவ்வளவு மோசமாகவா ஓட்டினேன்? "என்னடா சொன்னாரு?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். இருமினார் என்கிறேன்.

வண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். அம்மா புதுச் செருப்பைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகுகிறாள். அறுவடை முடியப்போகிறது என்று நூத்ஸா எழுதியிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வரவா, வேண்டாமா? ஒரே வார்த்தை போதும். வேண்டாம் என்றாலும் திராட்சை பறிக்க நான் மட்டும் வருவேன், அதைத் தடுக்க முடியாது.

ஜொகோலா


கிசிஸ்கெவி,
செப்டம்பர் 23

ஜொகோலா,

கேலா கிளம்பப் போகிறான், சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தக் கல்லைத் தாண்டி இரண்டு வளைவு வரை விழித்திருந்தேன். அப்புறம் தூங்கிப்போய், கண் திறந்தது என் வீட்டு வாசலில்தான். நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. தியோனாவிடம் சொன்னால், "நீங்களா? வண்டியிலயா? தூங்கினீங்களா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, உட்கார்ந்து அழுதாள். தூங்கிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் தோட்டத்துக்குள் போனேன்.

கடைசி இரண்டு வரிசையைப் பறிக்காமல் உங்களுக்காக விட்டிருக்கிறேன். சாடிமேல் இருந்த மண்ணைச் சுரண்டியாகிவிட்டது. மூடிக்கல்லை இன்னும் தூக்கவில்லை, கனம். நீ வந்து ஒரு பக்கம் பிடி.

உன் அம்மா ஈரத் தலையோடு வந்தால் பரவாயில்லை. அந்த அருவியை எனக்கும் இன்னொரு தடவை காட்டு. நீ காட்டினபோது நான் பார்க்கவே இல்லை.

உன் மாமா,
சக்காரியா