டீ குடிக்க வாங்க என்றால் என்ன அர்த்தம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் லிப்டில் உன்னைப் பார்த்து, ஒருநாள் டீ குடிக்க வாங்க என்று இங்கிலீஷில் சொன்னாராம், நீயும் அந்த ஞாயிற்றுக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஒரு பை நிறைய ஆரஞ்சோடு போய் மணி அடித்தாயாம், அவர் ஈரத் தலையில் துண்டோடு கதவைத் திறந்து திருதிருவென்று விழித்தாராம். இந்த இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. உன் தங்கை இரண்டு நாளாக யார் என்ன கேட்டாலும், ஆரஞ்சு எத்தனை கிலோ என்கிறாள். ஆனால் அது சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று ஆய்வகத்தில் உன்னோடு வேலை செய்பவர் விளக்கிய பிறகு, நீ வெட்கப்பட்டுப் பின்படிக்கட்டு வழியாகவே போய் வருகிறாய், யாரோடும் பேசுவதில்லை, வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாமா என்று யோசிக்கிறாய் என்று வாசித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஊர்க்காரர்களுக்கு மனதில் ஒன்று வாயில் ஒன்று என்று புலம்பியிருக்கிறாய். நாம் மட்டும் என்னவாம்? உன் அப்பா தலை லேசா வலிக்குது என்றால் அது மாத்திரைக்கா, டீக்கா? என் தையல் கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்து, பரவாயில்லைக்கா என்று ஒருவர் சொன்னால் கையைப் பிரித்துத் தைக்கவேண்டும் என்று அர்த்தம். அவசரமில்லை, மெதுவா குடுங்க என்பவர் மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நிற்பார். தொடக்கத்தில் அந்தப் பரவாயில்லையைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போனவள்தான் நான், அப்படிச் சொன்னவர்கள் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. அதற்காக நான் கடையை மூடிவிட்டேனா?

நேற்று கடையில் ஆள் இல்லாத நேரம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அவருக்கு ஆரஞ்சு பிடிக்கவில்லை போல, கிளம்பும்போது, அடுத்த தடவை வரும்போது எதுவும் வாங்கிட்டு வராதீங்க என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அட மக்கு, இங்கிலீஷ் தெரியாத எனக்கே புரிகிறதே! வாங்கி வராதே என்றதைப் பிடித்துக்கொண்டாய், அடுத்த தடவை என்றதை விட்டுவிட்டாய். வேண்டாதவரை யாராவது அடுத்த தடவைக்குக் கூப்பிடுவார்களா? அதுவும் தலையைக்கூடத் துவட்டாமல் உனக்கு டீ போட்டுக் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசியவர். லிப்டில் சொன்னது பேச்சுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். இது உன்னைத் தெரிந்துகொண்ட பிறகு சொன்னது.

இந்தத் தடவை மட்டும் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுவிட்டுப் போ. உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொள். நல்ல மனிதர்கள் துணையோடு நீ நூறு வயது இருக்கவேண்டும். வரத்தான் வேண்டும் என்றால் தாராளமாக வா, இது உன் வீடு. ஆனால் யாருமே உன்னைப் போகச் சொல்லாத இடத்திலிருந்து நீயாக ஓடி வராதே.

இப்படிக்கு,
உன்னைக் கேலி செய்யவும் உரிமையுள்ள
அம்மா