காதல் கதை கெடுத்த பெண் எழுதுவது

அக்கா,

இந்த வாரப் பத்திரிகை காலையில் வந்தது. மழை ஈரத்தில் மை சரியாகக் காயாமல் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். உங்கள் சேலையின் வாடை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் அத்தானின் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அது உங்கள் மேலும் ஏறியிருந்தது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டுரை. காதல் நாவல் சோம்பேறிப் பெண்களின் தின்பண்டமாம்; அதைப் படித்தால் குடும்பம் கெடுமாம். எழுதியவர் ஆண் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதை உரக்கப் படித்துவிட்டு, "இவரு வீட்டுல சோறு யாரு ஆக்குறாளாம்?" என்று கேட்டிருப்பீர்கள்.

சோம்பேறிப் பெண்கள்! நம்மவர்கள் கப்பலேறி வந்து குடியேறிய இந்தத் தேக்காவில், எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து உங்களிடம் கதை கேட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் பால் கறந்து, சாணி அள்ளி, வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள். சாயந்தரக் கறவைக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்திலும் புல் நறுக்கிக்கொண்டேதான் கேட்பார்கள்.

சும்மாவும் கேட்கமாட்டார்கள். கதைப் பெண்ணை அவள் சித்தப்பா சொத்துக்காக ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கும் இடம் வந்ததும், மாரியம்மா அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அவ வாயில என்ன கொழுக்கட்டையா? வேணாம்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஒதை விழும்டி," என்றாள் அவள் ஓரகத்தி.

"சொல்லலேன்னா மட்டும் விழாதாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு, "உங்க சண்டை முடியட்டும். அப்புறம் அவ என்ன செஞ்சான்னு படிக்கிறேன்," என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாரம் என்னைப் பெண் பார்க்க ஒரு மளிகைக் கடைக்காரர் வருவதாக இருந்தது. மனைவியை இழந்தவர், அப்பாவைவிட மூத்தவர். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியவளானதும் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது என்னைக் கேட்காதவர் இதற்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. அந்தக் கதைப் பெண் சபை நடுவில் "மாட்டேன்" என்று சொன்னதை நீங்கள் படித்த பிறகுதான், அப்படி ஒரு சொல்லைப் பெண்ணும் சொல்லலாம் என்று தெரிந்தது.

வந்தார்கள். தட்டு மாற்றப் போகும் நேரத்தில், "எனக்கு வேண்டாம்," என்றேன். அப்பா அறைந்தார். கடைக்காரர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாசகசாலையில் இதே பேச்சு. காதல் நாவல்களை இனிமேல் ஊரிலிருந்து வரவழைப்பதில்லை என்று முடிவு செய்யக் கூடியிருந்தார்கள். பெண்கள் ஏறாத அந்தப் படியில் நீங்கள் ஏறினீர்கள். கன்னம் வீங்கிய நான் தெருவில் நின்றேன்.

"நீ படிச்ச கதைதான் அந்தப் பொண்ணைக் கெடுத்துச்சு," என்றார் காரியதரிசி. மரக்கடையில் கணக்கெழுதும் கிராணி அவர்.

"ஐயா, போன மாசம் நாடகத்துல ராஜகுமாரி காதலனைத் தேடி அழுதப்ப, நீங்க துண்டால கண்ணைத் துடைச்சீங்களே. ஆம்பளை சேலை கட்டிக்கிட்டு அழுதா கலை. பொம்பளை மாட்டுக் கொட்டகையில உக்காந்து படிச்சா கேடா?"

உள்ளே யாரோ சிரித்துவிட்டார். கிராணியின் முகம் கறுத்தது.

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அவர் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். நாவல்களை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்த சிலவற்றையே நீங்கள் திரும்பத் திரும்பப் படித்தீர்கள். என் கல்யாணம் நின்றது. அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது நானும் எழுதுகிறேன். கூலி, பசி, சாணி என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன். காதல் கதை எனக்கு வராது. அதில் வரும் நிலாவும் பூஞ்சோலையும் எனக்குச் சலிப்பு. நீங்களே அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் படிப்பீர்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கடைசிப் பக்கம் வரை விசாரித்த எழுத்து வேறு எது? பத்திரிகைகள் நமக்குச் சொல்வதெல்லாம் சிக்கனமாக இரு, சுத்தமாக இரு, புருஷனுக்கு அடங்கி இரு என்பதுதான். அந்தக் கட்டுரைக்கு மறுப்பாக இதையே எழுதி அனுப்பிவிட்டேன். போடமாட்டார்கள். அடுத்த வாரமும் அனுப்புவேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அக்கா. நேற்று அப்பா பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"துறைமுகத்துல கணக்கு எழுதற பையனாம். நல்ல மாதிரின்னு சொல்றாங்க." பசுவின் காதிலிருந்த உண்ணியைப் பிடுங்கிப் போட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா."

"சரி," என்று சொல்லிவிட்டுப் புல்கட்டைப் பிரிக்கப் போனார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.