அலமாரிக்குப் போகாத புத்தகம்

என்னங்க,

எங்கள் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கான புத்தகங்களை இன்று தேர்ந்தெடுத்தோம். வழவழவென்று படம் போட்டதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டேன். பிள்ளை கடித்தால் என்ன செய்வது என்று சொல்லாத புத்தகம் எதற்கு?

ஒன்றைப் பார்த்ததும் தலைமை ஆசிரியை முகம் சுளித்தார். "சாவைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு ஒரு புத்தகமா? வேண்டாம் டீச்சர்."

அதை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

நம் மகளைப் போன்ற பிள்ளைகளிடம் தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் மழுப்பக் கூடாதாம். ஆள் இருக்கும்போதே அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறேன். சவரம் செய்துகொள்ளுங்கள், தாடியைப் பார்த்தால் மிரளுவாள். "அப்பா சீக்கிரம் வந்துடுவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு நீங்கள் சொன்னால் சொன்னதுதான். வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் என்னால் அவளை உள்ளே கூட்டி வரவே முடியாது.

உங்கள்
டீச்சரம்மா